வாசகர் கேள்வி – பதில்: முதியோர் இல்லத்து வண்டிக்குப் பெற்றோலா, மின்சாரமா?

சென்ற இதழில் பரந்தன் வாசகி ஒருவரின் கடிதத்தை வெளியிட்டு, பதில் அடுத்த இதழில் வரும் என்று அறிவித்திருந்தோம். அதற்குள் வன்னியின் பிற ஊர்களிலிருந்தும் அதே விடயத்தைத் தொட்டுக் கடிதங்கள் வந்துவிட்டன. அவற்றையும் சேர்த்தே இம்முறை எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: எங்கள் ஊரில் உள்ள முதியோர் இல்லத்தின் நிர்வாகக் குழுவில் நானும் ஒருத்தி. தங்குமிடம், உணவு மண்டபம், சிகிச்சை அறை, பிள்ளையார் கோயில் எல்லாம் ஒரே காணிக்குள் தள்ளித் தள்ளி இருப்பதால், நடக்க இயலாதவர்களை ஏற்றியிறக்க ஒரு சிறிய வண்டி தேவைப்படுகிறது. ஃபுளோரிடாவில் ஓய்வுபெற்றோர் குடியிருப்பு ஒன்றில் வசிக்கும் என் சித்தப்பா, அங்கே எல்லோரும் ஓட்டும் கோல்ஃப் வண்டி ஒன்றுக்குப் பணம் தர முன்வந்திருக்கிறார். பெற்றோல் வண்டிதான் நல்லது என்பது அவருடைய எண்ணம். குழுவில் உள்ள இளையவர்களோ மின்சார வண்டிதான் வேண்டும் என்கிறார்கள். சூழலுக்கு எதனால் கேடு குறைவு?
– வாசகி, பரந்தன்

பதில்: உங்கள் சித்தப்பா சொல்வது அவர் வாழும் இடத்துக்குப் பொருத்தமான அறிவுரைதான். ஃபுளோரிடாவின் 'த வில்லேஜஸ்' போன்ற குடியிருப்பு உண்மையில் ஒரு நகரம். 2020 ஆம் ஆண்டின் குடித்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே ஏறக்குறைய 79 ஆயிரம் பேர் இருந்தார்கள், வண்டிகளுக்கென்றே அமைக்கப்பட்ட பாதைகள் 160 கிலோமீற்றருக்கும் அதிகமாக நீள்கின்றன. கடைக்கும் மருத்துவரிடமும் நண்பர் வீட்டுக்கும் ஒரே நாளில் நெடுந்தூரம் போய்வருகிறவர்கள், வழியில் பற்றரி இறங்கிவிடுமோ என்ற பயம் இல்லாமல் ஓட்டுவதற்காகப் பெற்றோல் வண்டியை விரும்புவது இயல்பு. உங்கள் காணியில் அந்தத் தேவை எழாது. நாள் முழுவதும் ஓடினாலும் 15 கிலோமீற்றரைத் தாண்டுவது கடினம்.

ஓட்டம் குறைவாக இருப்பதைவிட, அது எப்படிப்பட்ட ஓட்டம் என்பதே இங்கே முக்கியமானது. பெற்றோல் கோல்ஃப் வண்டியில் மிதியை அழுத்தும்போது இயந்திரம் உயிர்பெறும். காலை எடுத்தால் அணைந்துவிடும். ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி, ஒருவரைக் கைபிடித்து ஏற்றி, அடுத்த வாசலில் மீண்டும் நிறுத்தும் வேலையில் அந்த இயந்திரம் ஒரு நாளில் எத்தனையோ முறை அணைந்து எழும். இயந்திரம் குளிர்ந்த நிலையில் கிளம்பும்போதுதான் வழமையைவிட எரிபொருள் மிகுந்த கலவை உள்ளே போய், முழுதாக எரியாத ஐதரோகாபன்களும் காபனோரொட்சைட்டும் அதிகமாக வெளியேறும். மோட்டார்க் காரின் புகைக்குழாயில் அந்த வாயுக்களில் பெரும்பகுதியைக் கேடு குறைந்தவையாக மாற்றிவிடும் வினையூக்கி இருக்கிறது. இந்தச் சிறிய இயந்திரங்களில் பெரும்பாலும் அது கிடையாது. புகை வெளியேறும் இடமோ, சுவாச நோயும் இதய நோயும் உள்ள முதியவர்கள் அமர்ந்திருக்கும் விறாந்தைக்கு இரண்டு அடி தூரத்தில். கலிபோர்னியாவின் காற்றுவள சபை, காற்று மாசடைந்த பகுதிகளில் விற்கப்படும் புதிய கோல்ஃப் வண்டிகள் புகையே வெளியிடாதவையாக இருக்கவேண்டும் என்று 1997 முதல் நடைமுறைப்படுத்தியிருப்பதையும் சித்தப்பாவுக்குச் சொல்லிப்பாருங்கள்.

ஆகையால் எங்கள் பதில் மின்சார வண்டியே. ஆனால் அதை எந்த நேரத்தில் சார்ஜ் செய்வீர்கள், பற்றரி செத்தபின் யாரிடம் கொடுப்பீர்கள் என்ற இரண்டையும் தீர்மானிக்காமல் வாங்கினால் நீங்கள் எதிர்பார்க்கும் நன்மையில் பாதி போய்விடும். அடுத்த இரண்டு கடிதங்களும் அவற்றைப் பற்றியவைதான்.

கேள்வி: மின்சார வண்டி புகைவிடாது என்கிறார்கள். அந்த மின்சாரமே நுரைச்சோலையில் நிலக்கரியை எரித்துத்தானே வருகிறது? எங்கள் வீட்டுப் புகையைப் புத்தளத்துக்கு அனுப்புவதில் என்ன பெருமை?
– வாசகர், முள்ளியவளை

பதில்: சரியான கேள்வி. கணக்குப் போட்டே பார்ப்போம்.

ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ காபனீரொட்சைட்டு உண்டாகும். நின்று நின்று ஓடும் வண்டிக்கு 15 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் என்று வைத்துக்கொள்வோம். அதே தூரத்துக்கு ஈய அமிலப் பற்றரி கொண்ட மின்சார வண்டி, சார்ஜரிலும் பற்றரியிலும் வெப்பமாக வீணாவதையும் சேர்த்து, சுவரிலிருந்து சுமார் 3 அலகு மின்சாரத்தை இழுக்கும். 900 மெகாவாற் கொள்ளளவுள்ள நுரைச்சோலை நிலையத்தின் நிலக்கரி மின்சாரத்தில் ஓர் அலகுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ காபனீரொட்சைட்டு சேர்கிறது. நீர்மின்னும் காற்றாலையும் சூரிய மின்னும் கலப்பதால், நாட்டின் சராசரி அதில் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. மழை பொய்த்தால் அது கூடும். சராசரியை எடுத்தால் 3 அலகுக்கு ஒன்றரைக் கிலோ, பெற்றோலுக்கு 2.3 கிலோ. வித்தியாசம் இருக்கிறது; விளம்பரங்கள் சொல்லும் அளவுக்குப் பெரியதாக இல்லை.

அந்தச் சராசரிக்குள் நேரம் ஒளிந்திருக்கிறது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாடு முழுவதும் விளக்கும் தொலைக்காட்சியும் மின்விசிறியும் ஒன்றாக இயங்கும் உச்சநேரம். நீர்த்தேக்கங்கள் வற்றிய மாதங்களில் அந்தத் தேவையை நிரப்ப எண்ணெயில் இயங்கும் நிலையங்களைக் கூட்டவேண்டியிருக்கிறது. வேலை முடிந்து வண்டியைக் கொண்டுவந்து ஆறரை மணிக்குச் சார்ஜரில் மாட்டுவது எல்லோருக்கும் வரும் பழக்கம். அப்படிச் செய்தால் பெற்றோலுடனான வித்தியாசம் ஏறக்குறைய கரைந்துவிடும் என்பதை மறுக்க முடியாது. நண்பகலில் நிலைமை நேர்மாறானது. 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையின்போது, பகலில் தேவை குறைந்து சூரிய மின்சாரம் மிஞ்சியதால், கூரைகளில் பொருத்திய சோலார் இணைப்புகளை மாலை 3 மணிவரை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது நினைவிருக்கும். வாங்க ஆளில்லாமல் நிற்கும் மின்சாரத்தை மதியச் சாப்பாட்டுக்குப் பின்னர், முதியவர்கள் உறங்கும் நேரத்தில் வண்டிக்குள் நிரப்பிவைப்பது எவருக்கும் நட்டமில்லாத வேலை.

இல்லத்தின் கூரையிலேயே இரண்டு சோலார் பலகைகளைப் பொருத்தினால் இன்னும் நல்லது. ஒரு கிலோவாற் பலகை எங்கள் வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 4 அலகு தரும். வண்டிக்குத் தேவையான 3 அலகு அதற்குள் அடங்கிவிடும். மன்னார்த் தீவில் 2020 இன் இறுதியில் இயங்கத் தொடங்கிய 100 மெகாவாற் தம்பபவனி காற்றாலையைப் பார்த்து, காற்றும் வெயிலும் எங்கள் பக்கம்தான் என்று பலர் பெருமைப்படுவதுண்டு. அந்த மின்சாரம் தேசிய வலையமைப்பில் கலந்துவிடுவதால் முள்ளியவளை வீட்டுக்கு அதைத் தனியாகப் பிரித்தெடுக்க வழியில்லை. உங்கள் கூரையில் விழும் வெயில் மட்டும் உங்களுடையது.

கேள்வி: பற்றரியில் ஈயமும் அமிலமும் இருக்கின்றன. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றவேண்டும் என்று கேள்விப்பட்டேன். கிணற்றுத் தண்ணீரை நம்பி வாழும் எங்களுக்குப் பெற்றோல் புகையைவிட அது பெரிய ஆபத்தல்லவா? லித்தியம் பற்றரி இதற்குத் தீர்வாகுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வவுனியா

பதில்: உங்கள் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. 48 வோல்ற்று வண்டியின் இருக்கையைத் தூக்கிப் பார்த்தால் 8 வோல்ற்றுப் பற்றரிகள் ஆறு அருகருகே இருக்கும். ஒவ்வொன்றும் 28 கிலோவுக்குக் குறையாது. மொத்த எடையில் பாதிக்கு மேல் ஈயம், அதாவது ஒரு வண்டிக்குள் ஏறக்குறைய 100 கிலோ. அது பெட்டிக்குள் இருக்கும்வரை எவரையும் தீண்டாது. பழைய இரும்பு வாங்குகிறவர் அதைக் கோடரியால் பிளந்து, அமிலத்தை வடிகாலில் ஊற்றி, ஈயத்தைத் திறந்தவெளி அடுப்பில் உருக்கும்போதுதான் நஞ்சு மண்ணுக்கும் காற்றுக்கும் போகிறது. சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் குலைத்துவிடும். அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. அமெரிக்காவில் ஈயப் பற்றரிகள் ஏறக்குறைய முழுவதும் மீள்சுழற்சிக்குத் திரும்புகின்றன என்றால், புதியதை வாங்கும்போது பழையதைக் கடைக்காரர் திருப்பி எடுக்கும் ஏற்பாடு அங்கே ஊன்றியிருப்பது அதற்குப் பெரிய காரணம். எனவே வண்டி விற்பவரிடம் பழைய பற்றரியை அவரே திருப்பி எடுத்து, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற இடத்துக்கு அனுப்புவார் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கிலோவுக்கு நாலு காசு கூடத் தருகிறேன் என்று படலையில் வந்து நிற்பவருக்குக் கொடுக்கவேண்டாம்.

பற்றரியை நெடுநாள் வாழவைப்பதும் சூழலைக் காக்கும் வேலைதான். எங்கள் வெப்பம் ஈயப் பற்றரிக்கு எதிரி. 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழில்நுட்பவியலாளர்கள் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. தகரக் கொட்டகையில் நிறுத்தாமல், வேப்பமர நிழலிலோ ஓலைக் கூரையின் கீழோ நிறுத்துங்கள். காற்றோட்டமும் அவசியம், சார்ஜ் ஆகும்போது வெளியேறும் ஐதரசன் மூடிய அறைக்குள் தேங்கினால் ஒரு தீப்பொறிக்கே வெடிக்கும். பற்றரிக்குக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவதுதான் எங்கள் பக்கத்தில் நடக்கும் பெரிய பிழை. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்பு பற்றரியின் தகடுகளையும் கெடுக்கும். காய்ச்சி வடித்த நீரையே வாங்கி, சார்ஜ் முடிந்த பிறகு, தகடுகள் மூழ்கும் அளவுக்கு ஊற்றவேண்டும். முன்னதாக நிரம்ப ஊற்றினால் சார்ஜ் ஆகும்போது அமிலம் பொங்கி வெளியே வழியும்.

லித்தியத்தைப் பொறுத்தவரை, இத்தகைய வண்டிகளில் பெரும்பாலும் வரும் லித்தியம் இரும்புப் பொசுபேற்று வகையில் ஈயமும் இல்லை, கோபால்ற்றும் இல்லை. தண்ணீர் ஊற்றும் வேலை கிடையாது, எடையும் மூன்றில் ஒரு பங்குக்குள் வரும், ஆயுளும் இரண்டு மடங்காவது இருக்கும். உற்பத்தியின்போது உண்டாகும் காபனை ஓர் அலகு கொள்ளளவுக்கு 100 கிலோ என்று கூட்டியே வைத்தாலும், 5 அலகுப் பற்றரிக்கு 500 கிலோ ஆகிறது. சூரிய மின்சாரத்தில் ஓட்டினால் பெற்றோலை மிச்சம்பிடித்தே ஏழெட்டு மாதங்களில் அது ஈடாகிவிடும். மின்சார சபையின் இணைப்பில் ஓட்டினால் இரண்டு ஆண்டுகள் வரை ஆகலாம். ஈயத்துக்கு இருப்பதுபோல ஊர்தோறும் வாங்குவோர் லித்தியத்துக்கு இல்லை என்பது ஒரு குறை. விலையும் ஆரம்பத்தில் கூடுதல். கொடை தருபவர் ஒருமுறை மட்டுமே தருவார் என்றால், அந்த ஒருமுறையில் லித்தியத்தையே கேளுங்கள். நான்கைந்து ஆண்டுகளில் ஆறு புதிய பற்றரிகளுக்கு இல்லம் பணம் தேடவேண்டிய நிலை வராது.

கேள்வி: பொருளாதாரத் தடைக் காலத்தில் மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டினோம். பெற்றோல் வண்டியை வாங்கி, தட்டுப்பாடு வந்தால் அப்படி ஓட்டலாம்தானே?
– வாசகர், மாங்குளம்

பதில்: ஓடும். சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டுக் கிளப்பிய கைப்பழக்கம் வன்னியில் இன்னும் பலருக்கு மறந்திருக்காது. புதிய வண்டிகளில் எரிபொருளை மின்னணுமுறையில் தெளிக்கும் அமைப்பு இருப்பதால் அந்த வித்தை எளிதில் பலிக்காது. பலித்தாலும், பெற்றோல் இயந்திரத்தில் மண்ணெண்ணெய் அரைகுறையாகவே எரிந்து, கரும்புகையைக் கக்கி, எரியாத மிச்சம் இயந்திர எண்ணெயோடு கலந்து அதையும் நீர்க்கச் செய்யும். அன்று வேறு வழியில்லாமல் சகித்த புகையை முதியோர் இல்லத்துக்குள் கொண்டுவர வேண்டாம். தட்டுப்பாடு பற்றிய உங்கள் கவலை நியாயமானது. 2022 இன் எரிபொருள் வரிசைகளை யாரும் மறக்கவில்லை. அந்தக் கவலைக்கும் கூரைச் சோலார்தான் விடை.

கேள்வி: கொழும்பில் பாவித்த மின்சாரக் கோல்ஃப் வண்டி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. இருக்கும் வண்டியை மீண்டும் பாவிப்பது புதியதைச் செய்விப்பதைவிடச் சூழலுக்கு நல்லதல்லவா?
– இளைஞர், நானாட்டான்

பதில்: வண்டியின் சட்டமும் மோட்டாரும் நல்ல நிலையில் இருந்தால் நல்லதுதான். உள்நாட்டில் இருக்கும் வண்டி என்பதால் இறக்குமதி அனுமதி, பழைய வாகனங்களுக்கான வயதெல்லை போன்ற தொல்லைகளும் இல்லை. காணிக்குள் ஓட்டப் போதும். ஏ-9 வீதியில் ஏற்றும் எண்ணம் இருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முதலில் விசாரியுங்கள்.

சிக்கல் பற்றரியில்தான் இருக்கும். மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற ஈயப் பற்றரியின் தகடுகளில் சல்பேற்று இறுகிப்போய், சார்ஜர் எத்தனை மணிநேரம் ஓடினாலும் அது மின்சாரத்தைப் பிடித்துவைக்காது. விற்பவரிடம் முழுதாகச் சார்ஜ் செய்யச் சொல்லி, ஓர் இரவு அப்படியே விட்டு, காலையில் மீற்றர் ஒன்றோடு போய் ஒவ்வொரு பற்றரியையும் தனித்தனியே அளந்து பாருங்கள். 8 வோல்ற்றுப் பற்றரி நல்ல நிலையில் இருந்தால் 8.4 அல்லது 8.5 காட்டும். ஒன்று மட்டும் 8 க்குக் கீழே நின்றாலும் அது மற்ற ஐந்தையும் இழுத்துக்கொண்டு போகும். அப்படியென்றால் ஆறு புதிய பற்றரிகளின் விலையைக் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள். பழைய ஆறையும் அனுமதி பெற்ற இடத்துக்கு அனுப்பும் பொறுப்பை விற்பவரே ஏற்கவேண்டும் என்பதையும் அந்தப் பேரத்திலேயே சேர்த்துவிடுங்கள்.