ஆவணியில் அவரைக் கொடியை வெட்டலாமா?

கேள்வி: சித்திரையில் ஊன்றிய பந்தல் அவரை, பந்தல் முழுக்க அடர்ந்துவிட்டது. ஆவணி பாதி போயும் ஒரு பூ இல்லை. "மலட்டுக் கொடி, அறுத்து மாட்டுக்குப் போடு" என்கிறார் மாமியார். என்ன செய்யட்டும்?
– வாசகி, பண்ணைக்காடு

பதில்: அறுக்காதீர்கள் அம்மா. கார்த்திகை வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

தாண்டிக்குடியில் எங்கள் காப்பித் தோட்டத்து ஓரமாக நானும் ஒரு பந்தல் போட்டிருக்கிறேன். முதல் வருஷம் இதே ஆவணியில் பொறுமை போய், கொடியை அடியோடு அறுத்துவிட்டேன். அதே விதையில் பாதியைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்திருந்தேன். தீபத்தன்று அவர் ஒரு முறம் நிறைய காய் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். அன்றைக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

பந்தல் அவரை, பகல் குறையக் குறையத்தான் மொட்டு வைக்கும். நம் மலையில் ஆனி மாதத்துப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் வித்தியாசம். அதையே இந்தக் கொடி உணர்ந்துகொள்கிறது. அதனால் சித்திரையில் ஊன்றியதும் ஆடியில் ஊன்றியதும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் பூக்கும். முன்னால் ஊன்றினால் இலைதான் மிச்சம். 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பது அவரைக்கு அப்படியே பொருந்தும். காத்திருக்க முடியாதவர்களுக்குச் செடி அவரை இருக்கிறது, அது பகல் நீளத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் வருஷா வருஷம் பந்தலடியில் நின்று பறித்த எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை.

யூரியா போட்டிருந்தால் நிறுத்துங்கள். அவரை வேர் முடிச்சிலேயே காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். மேலும் போட்டால் கொடிதான் கொழுக்கும். மாமியார் சொன்னதிலும் பாதி சரி. உள்ளே வெளிச்சம் படாமல் அடைந்து கிடக்கும் இலைகளைக் கிள்ளி, வைக்கோலோடு கலந்து மாட்டுக்குப் போடுங்கள். காய்ந்த அவரை இலையில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் புரதம் உண்டு.

புரட்டாசி கடைசியில் பூங்காம்பைத் தினமும் திருப்பிப் பாருங்கள். எறும்பு வரிசையாக ஏறினால், மொட்டுக்கு நடுவே கறுப்பாக அசுவினிப் பூச்சி அப்பியிருக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். அப்புறம், காய் பறித்த பூங்காம்பை ஒடிக்காதீர்கள். அதே காம்பில் மறுபடியும் பூக்கும்.

கேள்வி: அழகுக்காக வாசல் வளைவில் ஊதா அவரை ஏற்றியிருக்கிறோம். காயைச் சாப்பிடலாமா?
– வாசகர், குன்னூர்

பதில்: தாராளமாக. வெயில் பட்டால் பளபளவென்று மின்னும் அந்த ஊதாக் காயைப் பிஞ்சிலேயே பறித்துப் பொரியல் செய்யுங்கள். வாணலியில் நிறம் போய்ப் பச்சையாகிவிடும், பயப்பட வேண்டாம். முற்றிக் காய்ந்த விதையில்தான் கவனம் வேண்டும். அதில் சயனைடு தரும் பொருள் உண்டு, பச்சையாக வாயில் போடக் கூடாது. ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தோலைப் பிதுக்கி எடுத்து, புதுத் தண்ணீரில் நன்றாக வேகவிட்டு, அந்தத் தண்ணீரையும் வடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு பிதுக்குப் பருப்புக் குழம்பு வையுங்கள். வாசலில் சின்னக் குழந்தைகள் விளையாடினால், காய்ந்த நெற்றுகளைக் கொடியிலேயே விட்டுவைக்காமல் பறித்துவிடுங்கள்.