வீட்டின் மேல் கடன் ஏறினால் வரி இறங்காது

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் 2009-ல் 3.75 லட்சம் டாலருக்கு வாங்கிய வீட்டில் நானும் மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறோம். வேலை மாறி டல்லாஸ் போகிறோம். வீடு 9.5 லட்சத்துக்குப் போகும் என்கிறார்கள். வீட்டுக்கடன் பாக்கி 1.9 லட்சம். ஹெலாக்கில் (வீட்டை ஈடாக வைத்து வேண்டும்போது எடுக்கும் கடன்) எடுத்துக் கோவையில் தம்பியின் தொழிலுக்கு அனுப்பியது 2.4 லட்சம், வட்டி 8.5%. இப்போது இன்னும் 60,000 கேட்கிறான். "கடன் கூடினால் லாபம் குறையும், ஸ்டேட் டாக்ஸும் குறையும்" என்கிறான். டெக்ஸஸ் போய்விட்டு விற்றால் நியூ ஜெர்சி வரியே வராது என்கிறார் நண்பர். மீதிப் பணத்தை ஐ.யூ.எல். (பங்குச் சந்தைக் குறியீட்டை ஒட்டி வளரும் ஆயுள் காப்பீடு) பாலிசியில் போடவும் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி சொன்னதும் தவறு, நண்பர் சொன்னதும் தவறு. தம்பி சொன்னது உங்களுக்கு அதிகம் செலவு வைக்கும் என்பதால் அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

வங்கிக்கு எவ்வளவு பாக்கி என்பது லாபக் கணக்கில் வரவே வராது. 9.5 லட்சத்தில் கமிஷன், டிரான்ஸ்ஃபர் ஃபீ, வக்கீல் எல்லாம் சேர்த்து 55,000 போகட்டும். வாங்கிய 3.75 லட்சத்தையும் கழித்தால் லாபம் 5.2 லட்சம். நாளைக்கே 60,000 எடுத்து அனுப்பினாலும் அதே 5.2 லட்சம்தான். கடன்களை அடைத்தபின் உங்கள் கைக்கு வருவதுதான் 4.65 லட்சத்திலிருந்து 4.05 லட்சமாகும்.

சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதிக்கு, குடியிருந்த வீட்டின் லாபத்தில் 5 லட்சம் வரை மத்திய வரி இல்லை. நியூ ஜெர்சியும் அதையே ஏற்கிறது. மிஞ்சுவது 20,000. மாநில வரி 6.37% என்று வைத்தால் சுமார் 1,300. மத்திய வரி 15%, அதாவது 3,000. வருமானம் அதிகமுள்ளவர்களின் முதலீட்டு லாபத்துக்கு மேலே போடும் 3.8% மத்திய வரியும் வந்தால் 760. ஆக 5,000 டாலர் சமாசாரம். அதற்குப் பயந்து 60,000 கடன் வாங்குவதா?

அந்த 5,000-கூட வராமல் போகலாம். இத்தனை வருடத்தில் பேஸ்மென்ட் கட்டினீர்களா, கூரை மாற்றினீர்களா, கிச்சனைப் புதுப்பித்தீர்களா? அந்தச் செலவு வாங்கிய விலையோடு சேரும். 20,000-க்கு பில் கிடைத்தாலே வரி பூஜ்யம். பெயின்ட், சின்னச் சின்ன ரிப்பேர் சேராது. இந்த வார இறுதியில் பழைய ஃபைல்களையும் கார்டு ஸ்டேட்மென்ட்களையும் தேடுங்கள்.

அடுத்து நண்பர். வீடு எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, அந்த மாநிலம் அதன் லாபத்துக்கு வரி கேட்கும். நீங்கள் டெக்ஸஸ்வாசி ஆனாலும் நியூ ஜெர்சி விடாது. அதோடு, வெளிமாநிலத்துக்காரராக விற்றால் க்ளோசிங்கிலேயே (விற்பனை முடிந்து பணம் கைமாறும் நாள்) விலையில் குறைந்தது 2%, அதாவது 19,000 டாலர், முன்வரியாகப் பிடிக்க வாய்ப்புண்டு. "எக்ஸிட் டாக்ஸ்" என்று பயமுறுத்துவது இதைத்தான். அது தனி வரி இல்லை, தாக்கல் செய்யும்போது கணக்கில் கழியும், அதிகமானது திரும்பி வரும். ஆனாலும் டல்லாஸில் வீடு பார்க்கும் நேரத்தில் 19,000 முடங்குவது கஷ்டம். முடிந்தால் எடிசனில் குடியிருக்கும்போதே விற்றுவிடுங்கள். முன்வரி பிடிக்காமல் விலக்குக் கேட்கும் ஜி.ஐ.டி./ரெப்-3 படிவத்தை வக்கீலிடம் இப்போதே கேளுங்கள்.

சரி, நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். 2.4 லட்சத்துக்கு 8.5% என்றால் வருடத்துக்கு 20,400 வட்டி. நீங்கள் தூக்கம் கெடும் அந்த வரியைப் போல நான்கு மடங்கை வருடா வருடம் கட்டுகிறீர்கள். வீட்டுக்குச் செலவு செய்யாத கடன் என்பதால் அந்த வட்டிக்கு மத்திய வரிக்கழிவும் கிடையாது. தம்பியின் தொழில் நஷ்டத்தை எடிசன் வீடு சுமக்கிறது. அவர் இதுவரை எவ்வளவு திருப்பித் தந்தார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கூடப் பிறந்தவருக்குச் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விற்ற பிறகு, திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய ஒரு தொகையை நீங்களும் மனைவியும் பேசி முடிவு செய்து, ஒரே தடவையாகக் கொடுங்கள். இந்த 60,000 வேண்டாம்.

ஐ.யூ.எல். பாலிசியும் வேண்டாம். ஆரம்ப வருடங்களில் கட்டணம் அதிகம், பாதியில் விட்டால் சரண்டர் கட்டணமும் உண்டு. டெக்ஸஸில் மாநில வருமான வரி இல்லை, ஆனால் வீட்டு வரி கனமாக இருக்கும். அதனால் கைப்பணத்தை முதலில் புது வீட்டின் டவுன் பேமென்ட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை வங்கிக்குப் போன் செய்து, ஹெலாக்கில் இனிமேல் பணம் எடுக்க முடியாதபடி நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம் தம்பிக்குப் போன் செய்யுங்கள். க்ளோசிங்கில் அந்தக் கடன் அடைந்ததும், கணக்கையே மூடிவிட்டதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.