மண்டபம் காலி, ஏரி நிறைவு: காட்டுயிர் உரை, கண்காட்சி பற்றி வாசகர் கேள்வி – பதில்

காட்டுயிர் பற்றியும் நாடறியும் பயணங்கள் பற்றியும் சொந்த ஊரில் உரைத்தொடரும் கண்காட்சியும் நடத்த விரும்பும் வாசகர்களின் கேள்விகள் சில இந்த இதழில்.

கேள்வி: எங்கள் வாசகர் வட்டம் வனஉயிரின வாரத்தில் தொடங்கி மாதம் ஓர் உரை என ஆறு மாதம் நடத்தத் திட்டமிட்டிருக்கிறது. எந்த மாதம் எதைப் பேச வைக்கலாம்? (வாசகர், திருவாரூர் மாவட்டம்)

யார் கிடைக்கிறாரோ அவரைப் பேச வைத்துவிட்டுத் தலைப்பைப் பிறகு யோசிப்பதுதான் வழக்கம். முதலில் ஊரைச் சுற்றி அந்த மாதம் கண்ணில் படுவது என்ன என்று பாருங்கள். சனிக்கிழமை மாலை கேட்டதை ஞாயிறு காலை போய்ப் பார்க்க முடிந்தால், அடுத்த மாதக் கூட்டத்துக்கு அழைப்பிதழே வேண்டாம்.

வனஉயிரின வாரம் அக்டோபர் 2 முதல் 8 வரை. அதற்குள் 7-ம் தேதி வரையாடு தினம் வருகிறது. 1975-ல் வரையாட்டை ஆய்வு செய்த ஈ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாகத் தமிழக அரசு அறிவித்த நாள் அது. மாநில விலங்கு என்பதால் தொடக்க உரைக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்காது. ஆனால் பல ஆண்டுகளில் காலாண்டுத் தேர்வு விடுமுறை இந்த வாரத்தில் பாதியை விழுங்கிவிடுகிறது. பள்ளிப் பிள்ளைகளை நம்பி 3-ம் தேதி கூட்டம் போட்டால் நாற்காலிகளிடம்தான் பேச வேண்டியிருக்கும். பள்ளி திறக்கும் தேதியைக் கேட்டுக்கொண்டு நாளைக் குறியுங்கள்.

நவம்பரில் மழை. திறந்தவெளிக் கண்காட்சி வேண்டாம். மண்டபத்துக்குள் தவளைகளைப் பற்றிப் பேசலாம், சத்தம் வாசலிலேயே கேட்கும்.

தொடரின் உச்சத்தை மார்கழியில் வையுங்கள். முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதால் மண்டபம் காலியாக இருக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும் என்று யாரும் எழுந்து போக மாட்டார்கள். மழை ஓய்ந்து ஏரி நிரம்பி, வலசைப் பறவைகள் வந்து இறங்கியிருக்கும் நேரமும் அதுதான். உங்களுக்கு வடுவூர் ஏரி பக்கம், கோடியக்கரையில் பூநாரை, சற்றுத் தள்ளிக் கரைவெட்டியில் இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து. பயணத் தேடலும் காட்டுயிரும் ஒரே உரையில் சேர வேண்டுமானால் அந்த வாத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி உரையைப் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இபேர்டு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். உரையில் நூறு பறவைகளைக் காட்டினால் ஒன்றும் மனதில் நிற்காது. ஊரில் தினமும் தென்படும் பத்தை மட்டும் குரலோடு காட்டினால் போதும். பிப்ரவரியில் கடலோர ஊர்க்காரர்களுக்குப் பங்குனி ஆமை. மார்ச்சில் பொதுத்தேர்வு, கூட்டம் வேண்டாம். நூலகச் சுவரில் படங்களை மட்டும் மாட்டி வையுங்கள்.

கேள்வி: உள்ளூர்ப் புகைப்படக்காரர்களிடம் படம் வாங்கிக் கண்காட்சி வைத்தோம். படங்கள் மங்கலாக இருந்தன, பாதி கழன்று விழுந்தன. எங்கே தவறு? (வாசகி, விருதுநகர்)

மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் வாட்ஸ்அப். சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நீண்ட பக்கம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும். அதை அங்குலத்துக்கு 200 பிக்சல் என்று அச்சிட்டால் 8 அங்குலம்தான் தெளிவாக வரும். நீங்கள் 18 அங்குலத்துக்கு இழுத்திருப்பீர்கள். 12-க்கு 18 அங்குலப் படத்துக்கு 2400-க்கு 3600 பிக்சலாவது வேண்டும். படத்தை ‘டாக்குமெண்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பென்டிரைவில் வாங்குங்கள்.

அச்சை மேட் தாளில் எடுங்கள். பளபளப்புத் தாளில் புலியின் முகத்துக்குக் குறுக்கே டியூப்லைட் தெரியும். ஃப்ளெக்ஸ் கடையில் சன்போர்டு என்னும் நுரைப்பலகையில் ஒட்டித் தருவார்கள். 3 மி.மீ. பலகை விலை குறைவுதான், ஆனால் விருதுநகர் வெயிலில் இரண்டாம் நாளே அப்பளம் போல வளையும். 5 மி.மீ. கேளுங்கள்.

படங்கள் விழுந்தது இருபக்க டேப்பை நம்பியதால். சுண்ணாம்பு அடித்த சுவரில் டேப் ஒட்டுவது சுவரோடு அல்ல, சுண்ணாம்புப் பொடியோடு. கொஞ்ச நேரத்தில் பொடியையும் உரித்துக்கொண்டு கீழே வரும். மண்டபத்தில் ஆணி அடிக்கவும் விட மாட்டார்கள். பந்தல்காரரிடம் இரும்புக் குழாய்ச் சட்டம் வாடகைக்கு எடுத்து, அடர்நிறப் படுதா கட்டி, மேல் குழாயிலிருந்து நைலான் கயிறு தொங்கவிட்டு, பலகையின் மேல் விளிம்பில் இரண்டு பைண்டர் கிளிப் போட்டு மாட்டுங்கள். ஒரே கிளிப் என்றால் மின்விசிறிக் காற்றில் படம் சுழலும்.

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் அதிகம் வருவார்கள் என்றால் 120-க்கு இறக்குங்கள், பெரியவர்கள் குனிந்து பார்த்துக்கொள்வார்கள். இரு படங்களுக்கு நடுவே ஓரடி விட்டால், அகலவாக்கில் உள்ள 18 அங்குலப் படங்கள் 40 அடி நீளத்தில் 16 பிடிக்கும். மொத்தம் நாற்பதைத் தாண்ட வேண்டாம். அதற்கு மேல் போனால் யாரும் பார்ப்பதில்லை, நடந்து கடக்கிறார்கள்.

பல கண்காட்சிகள் கோட்டை விடுவது குறிப்பு அட்டையில். ‘இயற்கையின் சிரிப்பு’ என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘நத்தைகுத்தி நாரை, வேடந்தாங்கல், ஜனவரி. மூடிய அலகின் நடுவே ஒரு சந்து தெரிகிறதா? வளர்ந்த பறவைக்குத்தான் அது உண்டு. குஞ்சின் அலகில் இருக்காது.’ இதைப் படித்தவர் படத்துக்கு இன்னும் அரையடி நெருங்கிப் பார்ப்பார். ஐம்பது சொல்லுக்குள், 24 புள்ளி (பாயிண்ட்) அளவுக்குக் குறையாத எழுத்தில் போதும்.

கூட்டுக்குள் குஞ்சு இருக்கும் படங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஒன்றை மாட்டினால் அடுத்த ஆண்டு பத்துப் பேர் கூட்டைத் தேடிப் போவார்கள். நட்சத்திர ஆமை, அலங்கு போலக் கடத்தலுக்கு ஆளாகும் உயிர்கள் என்றால் ஊர்ப் பெயரை விட்டு, மாவட்டத்தோடு நிறுத்துங்கள். போட்டியும் வைப்பதானால் கேமராவின் மூலக்கோப்பைக் கேளுங்கள், சந்தேகம் வந்தால் விசாரியுங்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் போட்டியிலேயே 2017-ல் ஒரு பிரிவில் பரிசு பெற்ற எறும்புதின்னிப் படத்தில் இருந்தது பாடம் செய்த பொம்மை என்று முடிவாகி, மறு ஆண்டு பரிசு பறிக்கப்பட்டது.

கேள்வி: மான் கொம்பு, முள்ளம்பன்றி முள், பறவை இறகு ஆகியவற்றை மாணவர்கள் சேர்த்து வைத்திருக்கிறார்கள். காட்சிக்கு வைக்கலாமா? (அறிவியல் ஆசிரியர், தேனி)

வேண்டாம். வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி, செத்துக் கிடந்த காட்டு விலங்கும் அதன் பாகங்களும் அரசின் சொத்து. ‘நாங்கள் கொல்லவில்லை, கீழே கிடந்தது’ என்பது பதில் ஆகாது. மயில் தோகைக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு, அதுவும் தானாக உதிர்ந்ததற்கு. கையில் இருப்பவற்றை என்ன செய்வது என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள்.

அதற்குப் பதிலாகக் கால்தடம் வார்த்து வையுங்கள். காட்டுக்குள் போகத் தேவையில்லை. குளக்கரை ஈரமண்ணில் நாய், பூனை, கீரி, மயில் எல்லாம் நடந்திருக்கும். நல்ல தடம் ஒன்றைத் தேர்ந்து, 4 செ.மீ. உயர அட்டைப் பட்டையை வளையமாக்கிச் சுற்றி மண்ணில் லேசாக அழுத்துங்கள். ஒரு டம்ளர் தண்ணீருக்கு இரண்டு டம்ளர் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். தண்ணீரில்தான் பொடியைத் தூவ வேண்டும், பொடியில் தண்ணீர் விட்டால் கட்டி தட்டும். குமிழி வராமல் ஒரு நிமிடம் கிளறி, இட்லி மாவுப் பதம் வந்ததும் தடத்துக்குப் பக்கவாட்டில் ஊற்றித் தானாகப் பரவ விடுங்கள். நேராகத் தடத்தின் மேல் ஊற்றினால் விரல் விளிம்பு கரைந்துவிடும். அரை மணி கழித்து மண்ணோடு தோண்டி எடுத்து, ஒரு நாள் நிழலில் உலர்த்தி, பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் துடையுங்கள். இறுகவே இல்லை என்றால் பொடி பழசு. போன மழைக்காலத்தில் பிரித்து வைத்த பையிலிருந்து எடுத்திருப்பீர்கள்.

வார்ப்பில் பள்ளம் மேடாக, இடம் வலமாக வரும். தடம் மண்ணில் இருந்தபடியே தெரிய வேண்டுமானால் வார்ப்பின் மேல் தேங்காய் எண்ணெய் தடவி, அதன்மீது இரண்டாம் வார்ப்பு எடுங்கள்.

நாய்த்தடத்தையும் பூனைத்தடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நாய்க்கு நகக்குறி விழும். பூனை நகத்தை உள்ளிழுத்து நடப்பதால் விழாது, உள்ளங்கால் திண்டின் பின்விளிம்பும் மூன்று வளைவாக இருக்கும். புலிக்கும் இதே வடிவம்தான், அளவு பெரிது. இப்படித் தடம் பார்த்துத்தான் இந்தியாவில் பல பத்தாண்டுகள் புலிகளை எண்ணினார்கள். ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் புலியே இல்லை என்பது 2005-ல் அம்பலமானபின் அந்த முறை கைவிடப்பட்டது. 2006 கணக்கெடுப்பு முதல் தானியங்கிக் கேமரா வந்தது. இந்த வரலாற்றை வார்ப்புக்குப் பக்கத்தில் ஓர் அட்டையில் எழுதி வைத்தால் பெரியவர்களும் நின்று படிப்பார்கள்.

கேள்வி: ‘பயணத் தேடல்’ என்றாலே துருவப் பயணமும் எவரெஸ்டும்தான் வருகின்றன. நம் பக்கத்துக் கதை ஒன்று சொல்லுங்கள். (வாசகர், தஞ்சாவூர்)

உங்கள் பெரிய கோயிலிலேயே இருக்கிறது. 1808-ல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் தன் நில அளவைக்காக அரை டன் எடையுள்ள கோணமானியை அதன் விமானத்தின் மேல் ஏற்றியபோது, கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நெளிந்தது. அவரே வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைச் சீராக்கினார். எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டுச் சொன்னதும் இதே அளவைதான். நிலத்தை முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டு போகும் முறை அது. முதல் முக்கோணத்துக்காகத் தரையில் நேரடியாக அளந்த அடிக்கோடு பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் வரை ஏழரை மைல். 1802 ஏப்ரல் 10-ல் தொடங்கி, 100 அடிச் சங்கிலியைச் சுமார் 400 முறை வைத்து அளக்க 57 நாள் ஆனது.

இதை உரையாக மட்டும் வைக்காதீர்கள், மைதானத்தில் செய்து காட்டுங்கள். 30 மீட்டர் நாடாவை நீட்டி அடிக்கோடு போடுங்கள். இரு முனையிலும் ஸ்டூல், அதன் மேல் பெரிய பாகைமானி, பார்வைக்கு ஒரு உறிஞ்சுகுழல். தொலைவில் உள்ள மரத்தை இரு முனையிலிருந்தும் நோக்கிக் கோணம் எடுத்து, 1 செ.மீ.க்கு 3 மீட்டர் என்று தாளில் வரைந்தால் மரத்தின் தூரம் கிடைக்கும். இரு கோணமும் 45 பாகை என்றால் மரம் 15 மீட்டரில். இரண்டிலும் ஒரு பாகை குறைத்துப் படித்துவிட்டால் பிழை அரை மீட்டர்தான். அதே அடிக்கோட்டில் 60 மீட்டர் தள்ளியுள்ள மரத்துக்குக் கோணம் 76 பாகை வரும். அங்கே ஒரு பாகை பிசகினால் 4 மீட்டர் போய்விடும். லாம்டன் ஏன் முக்கோணம் ஒல்லியாகாமல் பார்த்துக்கொண்டார், ஏன் அரை டன் கருவியைச் சுமந்தார் என்பது பிள்ளைகளுக்கு அப்போது சொல்லாமலே புரியும்.

கேள்வி: பேச்சாளரின் படவிளக்கம் எங்கள் கணினியில் எழுத்தெல்லாம் கோணல் மாணலாக வந்தது. பறவைக் குரல் போட்டால் ஒரே இரைச்சல். (நூலகர், ஈரோடு)

அவர் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியிருப்பார். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். யூனிகோடில் தட்டச் சொல்லுங்கள், இல்லையேல் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிடிஎஃப்பில் காணொளி ஓடாது, அதைத் தனிக் கோப்பாக வாங்கிவிடுங்கள்.

இரைச்சல் பெரும்பாலும் மடிக்கணினியின் சார்ஜரால் வருவது. ஒலிபெருக்கிக்கும் சார்ஜருக்கும் எர்த் வெவ்வேறு வழியாகப் போகும்போது ‘ம்ம்ம்’ என்ற முனகல் ஒலிவடத்தில் ஏறிவிடும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், நின்றுவிடும். புரொஜெக்டரின் சொந்த ஸ்பீக்கரை நம்பாமல் மைக் செட்காரரிடம் 3.5 மி.மீ. வடம் கேட்டு மிக்சரில் கொடுங்கள். திரைக்கு ஒற்றை வேட்டி கட்டினால் பாதி வெளிச்சம் பின்பக்கம் போய்விடும். வெள்ளைச் சுவர் இருந்தால் அதுவே மேல்.

கேள்வி: பாம்பு பிடிப்பவரை அழைத்து உயிருள்ள பாம்பைக் காட்டினால் கூட்டம் வரும் என்கிறார்கள். செய்யலாமா? (வாசகர், கடலூர்)

கூட்டம் வரும், வழக்கும் வரும். வீட்டில் புகுந்த பாம்பை மீட்டவருக்கும் அதை மேடையில் காட்ட அனுமதி இல்லை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் படங்களை இரண்டடி அகலத்தில் வையுங்கள். நம் மருத்துவமனைகளில் உள்ள நச்சுமுறிவு மருந்து இந்த நான்குக்கும் சேர்த்துத் தயாரானது. கடித்தால் இறுக்கிக் கட்டாதே, கீறாதே, அசையாமல் படுக்க வைத்து 108-ஐ அழை என்பதைப் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதுங்கள். பேச்சாளராக இருளர் ஒருவரை அழையுங்கள். அந்த மருந்துக்கான நஞ்சை எடுத்துத் தரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இருக்கிறது. இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-ல் ஃப்ளோரிடா சதுப்புநிலத்தில் மலைப்பாம்பு தேடிப் பிடிக்க அழைக்கப்பட்டார்கள், 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பேச்சாளருக்குப் பயணப்படியும் மதிப்பூதியமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பேராசிரியருக்கு உறை, இருளருக்குச் சால்வை மட்டும் என்று ஆகிவிடக் கூடாது.