பதினைந்து வயது ஆனவர்கள் கை தூக்குங்கள்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், பள்ளியில் வரலாறு நடத்துவது பற்றிய ஒரு பதிலில் எலீ வீசல் என்ற பெயரைப் போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை அதிகம். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் எழுதுகிறேன்.

கே: யார் ஐயா இந்த எலீ வீசல்? யூதர்களுக்கு நடந்ததைப் பற்றிப் பள்ளியில் ஒரு பத்தி படித்ததோடு சரி. கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன்.
– ஒரு வாசகி, குடியாத்தம்

ப: அந்த ஒரு பத்தியை முப்பத்தொரு வருடம் நடத்தியவன் நான், அம்மா. வேலூரிலிருந்து பெங்களூரு போகிற ரோட்டில் ஓர் அரசுப் பள்ளி. '60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர்' என்று போர்டில் எழுதுவேன், பிள்ளைகள் அடிக்கோடு போட்டுக்கொள்வார்கள். ஒரு வருடம் ஒரு பையன் எழுந்து, "சார், இது ரெண்டு மார்க்கா, அஞ்சு மார்க்கா?" என்று கேட்டான். அவன் மேல் தப்பில்லை. நான் எழுதிப்போட்டது வெறும் எண்.

அடுத்த வருடம் அந்தப் பாடம் வந்தபோது சாக்பீஸை எடுக்கவில்லை. "பதினைந்து வயது ஆனவர்கள் கை தூக்குங்கள்" என்றேன். பாதிக்கு மேல் தூக்கினார்கள். அப்படியே வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டு வீசலின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்.

ருமேனியாவின் வடக்கு ஓரத்தில் சிகெட் என்று ஓர் ஊர். அங்கே 1928 செப்டம்பர் 30 அன்று பிறந்தார். முழுப்பெயர் எலியேசர். அப்பா ஷ்லோமோ மளிகைக் கடை வைத்திருந்தார். இரண்டு அக்கா, ஒரு தங்கை. தங்கை பெயர் சிப்போரா. நம் தமிழ் பைபிளில் மோசேயின் மனைவி சிப்போராள் என்று வருகிறாரே, அதே பெயர்தான்.

1940ல் அந்தப் பகுதி ஹங்கேரியின் கைக்குப் போனது. அந்த ஊர் யூத ஜெபாலயத்தில் சின்னச் சின்ன வேலைகள் செய்துகொண்டிருந்த மோஷே என்ற ஏழை மனிதரை, 'வெளிநாட்டு யூதர்' என்று ஒரு கூட்டத்தோடு சேர்த்து எல்லைக்கு அப்பால் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே ஜெர்மானியர்கள் எல்லாரையும் சுட்டார்கள். இவருக்குக் காலில் குண்டு. செத்துவிட்டார் என்று விட்டுப் போனதால் பிழைத்தார். திரும்பி வந்து வீடு வீடாகப் போய்ச் சொன்னார். பைத்தியம் என்றார்கள். சிறுவன் வீசலும்தான் நம்பவில்லை. அதை ஒளிக்காமல் பிற்பாடு எழுதியிருக்கிறார்.

1944 மே. மாடு ஏற்றுகிற ரயில் பெட்டி, பெட்டிக்கு எண்பது பேர். மே 15 முதல் ஜூலை 9 வரை, எட்டே வாரத்தில் ஹங்கேரியிலிருந்து சுமார் 4,40,000 யூதர்கள் இப்படி ஏற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் போய் இறங்கிய இடம் ஆஷ்விட்ஸ், ஹிட்லரின் நாஜி ஜெர்மனி நடத்திய கொலை முகாம். அங்கே ஒரு கைதி சிறுவன் வீசலிடம் வந்து வயதைக் கேட்டார். பதினைந்து என்றதும், "இல்லை, பதினெட்டு என்று சொல்" என்றார். ஐம்பது வயது அப்பாவை நாற்பது என்று சொல்லச் சொன்னார். இருவரும் அப்படியே சொன்னார்கள், வேலைக்கு ஆகும் என்று உயிரோடு விட்டார்கள். அம்மா சாராவும் சிப்போராவும் கையைப் பிடித்துக்கொண்டு பெண்கள் வரிசையில் போனார்கள். பையன் அவர்களைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

வகுப்பில் இந்த இடம் வந்தபோது, கை தூக்கியிருந்தவர்களில் ஒருத்தி யாரும் சொல்லாமலே மெதுவாகக் கையை இறக்கினாள். அன்றைக்கு யாரும் மார்க் பற்றிக் கேட்கவில்லை.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பையன் கையில் குத்திய எண் ஏ-7713. 1945 ஜனவரியில் ரஷ்யப் படை நெருங்கியதும் கைதிகளைப் பனியில் நடக்கவிட்டு, ரயிலேற்றி, புக்கன்வால்ட் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அப்பா அங்கே இறந்தார். ஏப்ரல் 11ல் விடுதலை. அதற்கப்புறம் பிரான்சில் அனாதை விடுதி. பத்திரிகையில் வந்த அவர் படத்தைப் பார்த்து மூத்த அக்கா தேடி வந்தார். அக்காக்கள் இருவரும் பிழைத்திருந்தார்கள். பாரிசில் படிப்பு, பத்திரிகை வேலை. முகாமைப் பற்றிப் பத்து வருடம் ஒரு வரி எழுதவில்லை. முதலில் எழுதியது தாய்மொழியான இத்திஷில், அதாவது கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய மொழியில். 1956ல் அர்ஜென்டினாவில் வெளியானது. அதைச் சுருக்கி 1958ல் பிரெஞ்சிலும் 1960ல் ஆங்கிலத்திலும் வந்த சின்னப் புத்தகம்தான் 'இரவு'. ஆரம்பத்தில் வாங்க ஆளில்லை. பிற்பாடு உலகம் முழுக்கப் பள்ளிகளில் படிக்கிற புத்தகமாகிவிட்டது.

1986ல் அமைதிக்கான நோபல் பரிசு. ஆனால் வாத்தியாரான எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. 1976ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தவர், நோபல் வாங்கின பிறகும் பல வருடம் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். 2016 ஜூலை 2ல், 87 வயதில், நியூயார்க்கில் காலமானார்.

கே: எங்கள் பி.டி. சாருக்கு 'ஹிட்லர்' என்று பட்டப்பெயர். தமாஷுக்குத்தானே, இதில் என்ன தப்பு?
– பத்தாம் வகுப்பு மாணவர், காட்பாடி

ப: வேண்டாம் தம்பி. மைதானத்தை நாலு சுற்று ஓடச் சொல்கிறவருக்கு அந்தப் பெயரை வைத்தால், சிப்போராவுக்கு நடந்ததும் நாலு சுற்று ஓடின மாதிரி ஆகிவிடும். நம் ஊரில் கண்டிப்பான அப்பா, மாமியார், மேனேஜர் எல்லாருக்கும் இந்தப் பெயரை வைத்துப் பழகிவிட்டோம். என் சக ஆசிரியர்களிடமும் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். சாருக்கு வேறு பெயர் யோசி.

கே: இன்றைக்குக் காஸாவில் குழந்தைகள் சாகிறார்கள். வீசல் உயிரோடு இருந்தவரை பாலஸ்தீனர்களுக்காகப் பேசினாரா? பேசவில்லை என்றால் அவரை ஏன் நாங்கள் படிக்க வேண்டும்?
– ஒரு வாசகர், மேல்விஷாரம்

ப: நியாயமான கோபம், பாய். சோவியத் நாட்டு யூதர்களுக்காகப் போராடினார். கம்போடிய அகதிகளுக்காக 1980ல் தாய்லாந்து எல்லைவரை போனார். போஸ்னியாவில் கொலைகள் நடந்தபோது அமெரிக்க அதிபரை மேடையில் வைத்துக்கொண்டே ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டார். ஆனால் இஸ்ரேல் அரசை வெளியிலிருந்து விமர்சிப்பதில்லை என்பதை ஒரு நிலைப்பாடாகவே வைத்திருந்தார். பாலஸ்தீனர்கள் விஷயத்தில் மௌனம் காத்தார் என்று பலர், யூதர்களும் சேர்த்து, அவரைக் கண்டித்திருக்கிறார்கள். எனக்கும் அது பெரிய குறைதான். அதற்காக 1944ல் ரயிலிலிருந்து இறங்கிய பதினைந்து வயதுப் பையன் சொன்னது பொய்யாகிவிடாது. மௌனத்தைக் குற்றம் என்று சொல்லித்தந்தவரும் அவர்தான். அவர் பேசாமல் விட்ட இடத்தை அவர் வார்த்தையை வைத்தே நீங்கள் கேட்கலாம். அதற்காகவாவது படியுங்கள்.

கே: நான் மேல்மொணவூர் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்தவள். 1990ல் மன்னாரை விட்டுப் படகேறும்போது அம்மம்மா தன் தையல் மெஷினைக் கிணற்றடியில் தாட்டுவிட்டு வந்தவ. அதற்கு மேல் எதுவும் சொல்ல மாட்டா. கேட்டால் எழுந்து போய்விடுவா. அவவின் கதையை எழுத ஆசை. எப்படிக் கேட்பது?
– கல்லூரி மாணவி

ப: மகளே, உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

வீசலுக்குப் பதின்மூன்று வயதுச் சடங்கில் ஒரு தங்கக் கடிகாரம் பரிசாகக் கிடைத்தது. ஊரை விட்டுப் போகிறதுக்கு முன்னால் அதை வீட்டுத் தோட்டத்தில் புதைத்தார். இருபது வருடம் கழித்து, 1964ல், சிகெட்டுக்குத் திரும்பிப் போனார். வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். இரவில் போய்க் கையாலேயே தோண்டினார். கடிகாரம் கிடைத்தது, துருப்பிடித்து. எடுத்தவர், திரும்பவும் அதே குழியில் வைத்து மூடிவிட்டு ஊரை விட்டுக் கிளம்பினார்.

அதனால் படகைப் பற்றிக் கேட்காதே. யார் செத்தார்கள் என்றும் கேட்காதே. மெஷினைப் பற்றிக் கேள். யார் வாங்கித் தந்தது? கைமெஷினா, கால்மெஷினா? கடைசியாக யாருக்கு என்ன தைத்தா? எதில் சுற்றித் தாட்டா, மண்வெட்டி பிடித்தது யார்? அம்மம்மா ஒருநாள் ஒரு வரி சொன்னால் அன்றைக்கு அது போதும். பேச்சு நின்றால் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு நீயும் பேசாமல் பக்கத்தில் இரு. அவ சம்மதிக்காமல் போனில் பதிவு செய்யாதே. இரவில் நோட்டில் தேதி போட்டு எழுதி வை.

எழுதும்போது அவவின் சொல்லிலேயே எழுது. 'தாட்டது' என்று சொன்னால், எங்கள் வேலூர்த் தமிழுக்காக அதைப் 'புதைத்தது' என்று மாற்றாதே.