கேள்வி – பதில்: கானில் கிடைத்த சிவப்புக் கல்

கேள்வி: தோட்டத்தில் கான் (வடிகால்) வெட்டும்போது கருஞ்சிவப்புக் கல்லொன்று கிடைத்தது. எடை 9.60 கிராம். ரூபி என்கிறார் ஒருவர், கார்னெட் என்கிறார் இன்னொருவர். உடைக்காமல் அறிய முடியுமா?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: முடியும். முதலில் அடர்த்தியைப் பாருங்கள். 0.01 கிராம் காட்டும் சிறு தராசில் தண்ணீர்க் குவளையை வைத்து, அளவைப் பூச்சியமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுதும் மூழ்கவிடுங்கள். கல்லின் எடையை அப்போது தராசு காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி. உங்கள் கல்லுக்குத் தராசு 3.62 காட்டினால் அடர்த்தி 2.65, அதாவது வெறும் குவார்ட்ஸ். 2.40 காட்டினால் 4.00, ரூபியாகவோ கார்னெட்டாகவோ இருக்கலாம்.

கல்லில் ஒட்டும் காற்றுக் குமிழிதான் இங்கே பெரிய எதிரி. அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். கல்லைப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவி, தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரச் சவர்க்காரம் விடுங்கள். தாய்ப்பாறை ஒட்டிய கல்லுக்கு இந்தக் கணக்கு சரிவராது. ஒரு கிராமுக்குக் குறைந்த கல்லுக்கு இந்தத் தராசும் போதாது.

சிக்கல் என்னவென்றால், ரூபி 4.00, சிவப்புக் கார்னெட்டும் பெரும்பாலும் 3.8 முதல் 4.2 வரை. அடர்த்தி மட்டும் இரண்டையும் பிரிக்காது. அதற்குக் காந்தம் வேண்டும், ஆனால் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம் பயனில்லை. பழைய கணினி வன்தட்டுக்குள் இருக்கும் நியோடிமியக் காந்தம் நல்லது. கல்லை ரெஜிபோம் (தெர்மாகோல்) துண்டில் வைத்து அசையாத தண்ணீரில் மிதக்கவிட்டு, காந்தத்தைத் தொடாமல் அருகே கொண்டுபோங்கள். கார்னெட்டில் இரும்பு இருப்பதால் மெல்ல இழுபட்டு வரும். ரூபி வராது. மூச்சுக் காற்று பட்டாலும் மிதவை நகரும், கவனம். பிறகு இருட்டில் 365 நானோமீட்டர் புற ஊதா டோர்ச் அடியுங்கள்: இலங்கை ரூபி பொதுவாகச் சிவப்பாய் ஒளிரும், கார்னெட் ஒளிராது. ஸ்பினல் என்ற இன்னொரு சிவப்பு இரத்தினக்கல்லும் ஒளிரும், ஆனால் அதன் அடர்த்தி 3.6.

நம் மலைப்பாறைகளில் கார்னெட் தாராளம். முதலில் அதையே சந்தேகியுங்கள். அரத்தால் உரசுவதும் அடுப்பில் சுடுவதும் வேண்டாம், நல்ல கல்லும் கெட்டுவிடும். ரூபி போலத் தெரிந்தால், விலை பேசுமுன் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் ஆய்வுகூடத்தில் அறிக்கை பெறுங்கள். இன்னும் கிடைக்குமென்று அதே இடத்தைத் தோண்ட வேண்டாம். அனுமதிப்பத்திரமின்றி இரத்தினக்கல் அகழ்வது 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: காந்தம் ஒட்டும் கனமான கறுப்புக் கல் வைத்திருக்கிறேன். விண்கல்லா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: பீங்கான் தரை ஓட்டின் மெருகில்லாத அடிப்பக்கத்தில் கல்லை உரசிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் பெரும்பாலும் மேக்னடைட், செங்கோடு விழுந்தால் ஹேமடைட். இரண்டும் இரும்புத் தாதுக்கள். கோடே விழாமல், உள்ளே குமிழித் துளைகளும் இல்லாவிட்டால் மட்டும் மேலே யோசிக்கலாம். துளைகள் இருந்தால் அது பெரும்பாலும் ஏதோ பழைய உலைக்கழிவு.