சார்லி பிரைட் வாங்கிய விருதுகள்: கேளுங்கள், சொல்கிறேன்

அமெரிக்க கன்ட்ரி (நாட்டுப்புறப் பாணி இசை) பாடகர் சார்லி பிரைட் (1934–2020) பற்றி இன்று மாலை கேள்விகளுக்குப் பதில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். விருது பற்றிக் கேட்பவர்கள் அது எந்த அமைப்பு கொடுத்த விருது என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். எல்லா வகை இசைக்கும் தரும் கிராமி வேறு, கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் தரும் சிஎம்ஏ வேறு, ஹால் ஆஃப் ஃபேம் (புகழ் மண்டபம்) வேறு. மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டினால் என்னால் பிரித்துத் தர முடியாது.

கேள்வி: கன்ட்ரி பாடகர்தானே அவர்? காஸ்பல் (கிறிஸ்தவ பக்திப் பாடல்) பாடகர் என்றும் ஏன் சொல்கிறார்கள்?

நல்ல கேள்வி, இதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். அவருடைய முதல் கிராமி கன்ட்ரிக்குக் கிடைத்ததே இல்லை. 1971-இல் 'டிட் யூ திங்க் டு பிரே' என்று ஒரு பக்திப் பாடல் ஆல்பம் போட்டார். 1972 மார்ச்சில் நடந்த விழாவில் அந்த ஒரே ஆல்பத்தை வைத்து இரண்டு கிராமி. ஆல்பத்துக்குச் சிறந்த பக்தி இசை விருது, அதிலுள்ள 'லெட் மீ லிவ்' பாட்டுக்குச் சிறந்த காஸ்பல் விருது. கன்ட்ரிக்கான கிராமி அடுத்த வருடம்தான் வந்தது, 'சிங்ஸ் ஹார்ட் சாங்ஸ்' ஆல்பத்துக்கு. அதற்குள் அவருக்கு ஏகப்பட்ட நம்பர் ஒன் கன்ட்ரி பாடல்கள் வந்துவிட்டன என்பதை நினைவில் வையுங்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அன்றைக்கு கிராமியில் காஸ்பலுக்கு இரண்டு பிரிவுகள்: 'சோல் காஸ்பல்' ஒன்று, 'சோல் காஸ்பல் அல்லாதது' இன்னொன்று. நடைமுறையில் முதலாவது கறுப்பினத் தேவாலயப் பாடகர்களுக்கு, இரண்டாவது வெள்ளையர்களுக்கு என்று ஆகியிருந்தது. மிசிசிப்பி பருத்திக்காட்டில், குத்தகை விவசாயியின் மகனாகப் பிறந்த கறுப்பரான பிரைட் வென்றது இரண்டாவது பிரிவில். அதே வருடம் சோல் காஸ்பல் கிராமி ஷர்லி சீசருக்குப் போனது. பிறகு 2017-இல் கிராமியின் வாழ்நாள் சாதனை விருது வாங்கியவர்களில் இவர்கள் இருவருமே இருந்தார்கள்.

கேள்வி: மொத்தம் எத்தனை கிராமி?

போட்டியில் வென்றவை மூன்று. மேலே சொன்னவைதான். வாழ்நாள் விருது தனிக்கணக்கு.

ஒரு எச்சரிக்கை: 'கிஸ் ஆன் ஏஞ்சல் குட் மார்னிங்' பாட்டின் கிராமியை இவர் கணக்கில் சேர்க்காதீர்கள். அது பாட்டை எழுதிய பென் பீட்டர்ஸுக்கு, சிறந்த கன்ட்ரி பாடலுக்காகக் கொடுத்தது. எழுதியவரின் பரிசைப் பாடியவர் தலையில் கட்டுவது எல்லா ஊரிலும் நடக்கிறது.

கேள்வி: கன்ட்ரி இசையின் முதல் கறுப்பினப் பாடகர் இவர்தானே?

இல்லை. நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சியில் டெஃபோர்டு பெய்லி மவுத்தார்கன் வாசித்துப் புகழ் பெற்றபோது பிரைட் பிறக்கவே இல்லை. ஆனால் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் முதலில் போன கறுப்பினத்தவர் பிரைட்தான், 2000-இல். பெய்லிக்கு 2005-இல் கொடுத்தார்கள், அவர் இறந்து இருபது வருடத்துக்கும் மேல் ஆன பிறகு. யார் முதலில் வந்தார், யாருக்கு முதலில் கொடுத்தார்கள் என்பதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஆர்சிஏ இசைத்தட்டுக் கம்பெனி அவர் கறுப்பர் என்பதைப் பல வருடங்கள் மறைத்தே விற்றதாமே?

'பல வருடங்கள்' என்பதை அழித்துவிடுங்கள். 1966 தொடக்கத்தில் அவருடைய முதல் தனிப்பாட்டுத் தட்டு 'தி ஸ்னேக்ஸ் கிரால் அட் நைட்' வந்தது. அதுவும் அடுத்து வந்த தட்டுகளும் வானொலி நிலையங்களுக்குப் புகைப்படம் இல்லாமல்தான் போயின. தட்டின் மேல் 'கன்ட்ரி சார்லி பிரைட்' என்று பெயர் போட்டார்கள், கேட்பவனுக்குச் சந்தேகமே வரக்கூடாது என்பது போல. இதெல்லாம் உண்மை. ஆனால் அதே 1966-இல் வந்த முதல் எல்.பி.யின் (முழு ஆல்பத் தட்டு) அட்டையில் அவர் முகம்தான் இருக்கிறது. மறைக்க நினைப்பவன் அட்டையில் படம் போடுவானா?

அதே நண்பர்: அப்படியென்றால் டெட்ராய்ட் கதை பொய்யா?

யார் பொய் என்றது? 1966-இல் டெட்ராய்டின் ஒலிம்பியா அரங்கில் பெயரைச் சொன்னதும் பெரிய கைதட்டல், ஆள் மேடைக்கு வந்ததும் அது அப்படியே அடங்கிவிட்டது. தனக்கு வெயிலில் கறுத்த நிறம் நிரந்தரமாகவே ஒட்டிக்கொண்டது என்று அவரே ஒரு நகைச்சுவை சொல்லி இறுக்கத்தைத் தளர்த்தினார், அப்புறம் பாடினார். கூட்டத்துக்குத் தெரியவில்லை என்பதற்கு இது சாட்சி. கம்பெனி வருடக்கணக்கில் ஒளித்து வைத்தது என்பதற்கு இது சாட்சி இல்லை.

வேறொருவர்: கம்பெனியைக் காப்பாற்றுகிறீர்கள். முதலில் ஒலிநாடாவைப் போட்டுக்காட்டிவிட்டு அப்புறம்தானே படத்தை அதிகாரிகளிடம் நீட்டினார்கள்?

ஆமாம், ஆர்சிஏவின் தயாரிப்பாளர் செட் அட்கின்ஸ் அப்படித்தான் செய்தார், குரல் பிடித்துப்போன பிறகுதான் ஆள் யார் என்று சொன்னார். அதில் தந்திரம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் தெரிந்த பிறகும் ஒப்பந்தம் போட்டார்கள், அதே வருடம் முகத்தோடு ஆல்பம் விட்டார்கள். அவர்கள் பயந்தது வானொலிக்காரர்களுக்கு: பாட்டைக் கேட்பதற்கு முன்பே படத்தைப் பார்த்துத் தட்டை ஓரமாகத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று. சில மாத வியாபார உத்தியைப் பல வருட ரகசியம் ஆக்கினால் கதை நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: சார், மொத்தம் எத்தனை கிராமி வாங்கினார்?

மேலே படிக்கவும்.

கேள்வி: பேஸ்பால் ஆடினாராமே? ஆட்டக் கணக்கு கிடைக்குமா?

ஆடினார், கறுப்பின வீரர்களுக்கான நீக்ரோ லீக்கில். ஒரு அணி இவரையும் இன்னொரு ஆட்டக்காரரையும் பஸ் வாங்கப் பணம் வேண்டும் என்று இன்னொரு அணிக்குக் கொடுத்துவிட்டது. மொண்டானாவில் உலோக ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே ஆலை அணிக்கு ஆடி, ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்தில் பாடவும் செய்தார். கணக்கு வழக்கெல்லாம் பேஸ்பால் ஆட்களிடம் கேளுங்கள்.

கேள்வி: 'கிஸ் ஆன் ஏஞ்சல்' ஹிட் ஆனதால்தானே 1971-இல் சிஎம்ஏ 'என்டர்டெய்னர் ஆஃப் தி இயர்' (ஆண்டின் சிறந்த கலைஞர்) விருது கிடைத்தது?

தேதியைப் பாருங்கள். விழா அக்டோபரில். அந்தப் பாட்டு நம்பர் ஒன் ஆனது டிசம்பரில். விருது வந்தது 1969-இலிருந்து வரிசையாக அடித்த நம்பர் ஒன்களுக்கும் மேடை நிகழ்ச்சிகளுக்கும். ஓட்டுப் போடுபவர்கள் சிஎம்ஏ உறுப்பினர்கள், அதாவது தொழிலில் இருப்பவர்களே. ரசிகர் வாக்கெடுப்பு இல்லை. 1969-இல் ஜானி கேஷ், 1970-இல் மெர்ல் ஹாகர்ட், 1971-இல் இவர், 1972-இல் லொரெட்டா லின், அந்த விருதை வாங்கிய முதல் பெண். இந்த வரிசையில் நிற்பது சாதாரணம் இல்லை. சிறந்த ஆண் பாடகர் விருது 1971, 1972 இரண்டு வருடமும் இவருக்கே. கறுப்பினக் கலைஞர் வேறு யாருக்கும் 'என்டர்டெய்னர்' விருது இன்றுவரை கிடைக்கவில்லை. புகைப்படச் சண்டையை விட்டுவிட்டு இதைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்று பார்த்தேன்.

ஆர்சிஏ பற்றிக் கேட்ட நண்பர் மீண்டும்: எல்.பி. அட்டையில் படம் சின்னதாக இருந்திருக்கலாமே?

அட்டையை ஒருமுறை பாருங்கள், பார்த்துவிட்டு வாருங்கள். இந்தப் பேச்சு இத்தோடு போதும்.

கேள்வி: எத்தனை நம்பர் ஒன்?

பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் 29. வேறு பத்திரிகைகளின் பட்டியலைச் சேர்த்தால் எண் மாறும், சேர்க்காதீர்கள்.

கேள்வி: விருது வாங்கப் போய்த்தான் கோவிட் வந்து இறந்தாரா?

2020 நவம்பர் 11 அன்று நாஷ்வில்லில் சிஎம்ஏவின் வில்லி நெல்சன் வாழ்நாள் சாதனை விருதை வாங்கினார், கன்ட்ரி பாடகர் ஜிம்மி ஆலனோடு சேர்ந்து பாடவும் செய்தார். டிசம்பர் 12 அன்று டல்லஸில் கோவிட் சிக்கல்களால் இறந்தார், வயது 86. நாஷ்வில்லுக்குக் கிளம்பும் முன்பும் அங்கே போய் இறங்கியதும் திரும்பிய பிறகும் பரிசோதனையில் தொற்று இல்லை என்றே வந்ததாக சிஎம்ஏவும் அவர் தரப்பும் சேர்ந்து அறிவித்தன. இதற்கு மேல் ஊகம் செய்ய நான் தயாராக இல்லை.

கேள்வி: அமெரிக்காவுக்கு வெளியே மதிப்பு உண்டா?

அயர்லாந்தில் கேட்டுப்பாருங்கள். கலவரத்துக்குப் பயந்து வெளிநாட்டுக் கலைஞர்கள் வடக்கு அயர்லாந்துப் பக்கமே போகாத 1976-இல் பெல்ஃபாஸ்ட் ரிட்ஸ் அரங்கில் பாடினார். அமெரிக்காவில் தனித்தட்டாகக்கூட வராத 'கிரிஸ்டல் ஷாண்டலியர்ஸ்' அங்கே கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று மோதிக்கொண்ட இரு தரப்பாருக்கும் பிடித்த பாட்டு. இதற்கு எந்த அமைப்பும் கோப்பை தரவில்லை.

கேள்வி: கிராமி எத்தனை என்று...

மூன்று!

கேள்வி: புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்குவது?

டெக்சஸ் பான்தர் ஹாலில் பதிவான 'இன் பர்சன்' நேரலை ஆல்பம். பாட்டுக்கு நடுவே அவர் கூட்டத்தோடு பேசுவதைத் தாண்டி ஓட்டாதீர்கள். அப்புறம் அந்தக் காஸ்பல் ஆல்பம். தொகுப்புத் தட்டுகளை வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பிற்காலத்தில் மறுபடி பாடிப் பதிந்ததையும் பழைய ஹிட் மாதிரியே விற்கிறார்கள். அட்டையின் பின்பக்கத்தில் பதிவு வருடத்தைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.