கட்டைவிரல் பூட்டு இல்லாத பிஸ்டல் ஆபத்தா?

கேள்வி: தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் கிடைத்திருக்கிறது. தினமும் இடுப்பில் வைத்துக்கொள்ள, வெளியே சேஃப்டி லீவர் (கட்டைவிரலால் நகர்த்தும் பூட்டு) இல்லாத பிஸ்டலை நண்பர் சிபாரிசு செய்கிறார். கை தவறிக் கீழே விழுந்தால் வெடித்துவிடாதா?

பதில்: கீழே விழுவதற்கும் அந்த லீவருக்கும் பெரிய சம்பந்தமில்லை. அப்போது காப்பாற்றுவது உள்ளே இருக்கும் ஒரு சின்னத் தடைதான். தோட்டாவின் அடிப்பகுதியைத் தட்டும் ஊசியை அது மறித்தபடி நிற்கும். விசையை (டிரிகரை) முழுதாக இழுத்தால் மட்டுமே வழிவிடும். 1980களில் வந்த கிளாக் என்ற பிஸ்டல் தொடங்கி இன்றைய பெரும்பாலான பிஸ்டல்களில் இது உண்டு. நீங்கள் வாங்கப்போகும் மாடலில் உண்டா என்று தயாரிப்பாளரின் கையேட்டில் பாருங்கள். விற்பவர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

பழைய பிஸ்டலை விற்கும் தரகர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். "விசையை வெண்ணெய் மாதிரி ஆக்கியிருக்கிறோம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். ஸ்பிரிங்கை மாற்றியோ உள் பாகங்களைத் தேய்த்தோ, சிலர் நான் சொன்ன தடையையே கழற்றியோ வைத்திருப்பார்கள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தொடவே வேண்டாம்.

உங்கள் உண்மையான எதிரி சட்டை நுனி. கிளாக் விசையின் முகத்தில் ஒரு சிறு நாக்கு இருக்கும். அதையும் சேர்த்து அழுத்தினால்தான் விசை பின்னே போகும். உறைக்குள் செருகும்போது நடுவில் மாட்டிய துணி இரண்டையும் சேர்த்தே அழுத்திவிடும். ஆகவே விசைப் பகுதியை முழுதாக மூடும், பிஸ்டலை எடுத்த பிறகும் வாய் சுருங்காத, விறைப்பான உறை வாங்குங்கள். தொளதொளத்த துணி உறையை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

லீவர் இருந்தால்தான் மனம் ஆறும் என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். 1911 என்ற வகைப் பிஸ்டலில் லீவரைக் கீழே தள்ளினால் சுடத் தயார். பெரெட்டா 92எஃப்எஸ்ஸில் கீழே தள்ளினால் பூட்டு. ஒன்றில் பழகி இன்னொன்றைச் சுமப்பவர் பதற்றத்தில் என்ன செய்வார்? வழக்கமான சிக் சவர் பி226இல் உள்ள லீவரோ பூட்டே அல்ல. ஹாமரை, அதாவது ஊசியை அடிக்கும் சுத்தியலை, பத்திரமாக இறக்குவது மட்டுமே அதன் வேலை. இறக்கியபின் விசை நீளமாகவும் கனமாகவும் இருக்கும், ஆனாலும் இழுத்தால் சுடும். அதைப் பூட்டு என்று நம்பியிருப்பவர்களிடமும் உரிமம் இருக்கிறது! 

நீங்களாவது பிஸ்டலைக் காலி செய்யச் சரியாகக் கற்றுக்கொள்ளுங்கள். விரல் விசைக்கு வெளியே, குழல் ஆளில்லாத திசையில். முதலில் மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியை) கழற்ற வேண்டும், பிறகு ஸ்லைடை (மேலே முன்பின் நகரும் பகுதியை) இழுத்து, சுடப்போகும் தோட்டா உட்காரும் அறையைக் கண்ணால் பார்க்க வேண்டும். வரிசை மாறினால் மேகசினிலிருந்து அடுத்த தோட்டா அறைக்குள் ஏறிவிடும். மேகசின் இல்லாவிட்டாலும் பல பிஸ்டல்கள் அறையில் இருப்பதைச் சுடும். விற்பவரையே செய்துகாட்டச் சொல்லுங்கள். அவர் ஸ்லைடில் முதலில் கைவைத்தால் வேறு கடை பாருங்கள்.